வீட்டுக் கணக்கு: பெட்டிக்குள் நொண்டுவது யார்?

கோடை விடுமுறை ஆரம்பித்தால் பல வீடுகளில் ஒரு வழக்கும் ஆரம்பமாகிவிடுகிறது. வாதி, பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்த பிள்ளை. பிரதிவாதி, தகப்பனார். வழக்குச் சொத்து, ஐந்தாறு வருஷத்துக்கு முன் கம்பெனியார் முழுசாகப் பூட்டி விற்ற விளையாட்டுக் கம்ப்யூட்டர். "புதிதாக வரும் ஆட்டங்களுக்கு இது தாங்கவில்லை, அப்பா! வேறு வாங்கவேண்டும்" என்கிறான் வாதி. "இதை வாங்கும்போதும் இப்படித்தானேடா சொன்னாய்?" என்கிறார் பிரதிவாதி. நீதிபதி ஸ்தானத்தில் வீற்றிருக்கும் தாயார் இரு தரப்பையும் கேட்டுவிட்டு, "புதிது கிடையாது, இருப்பதைச் சீர்செய்துகொள்ள 20,000 ரூபாய் தருகிறேன்" என்று தீர்ப்பளிக்கிறாள்.

தீர்ப்பு நியாயமானது என்றே எனக்குத் தோன்றுகிறது. விளையாட்டுக்கு இவ்வளவு செலவா என்று கேட்கும் பெரியோர்களுக்கு ஒரு வார்த்தை: அதே பெட்டியில்தான் நாளைக்குப் பிள்ளை கல்லூரிப் பாடத்துக்குப் புரோகிராம் எழுதப்போகிறான். ஆட்டத்துக்கு ஈடுகொடுக்கும் யந்திரம் வீட்டில் மற்ற எந்த வேலைக்கும் ஈடுகொடுக்கும். ஆகையால் அந்த ரூபாயை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. தவறான இடத்தில் வைத்தால் பெட்டி ஓர் அடிகூட முன்னே போகாது. சில சமயம், ஓடிக்கொண்டிருந்ததும் நின்றுபோகும்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க ஒரு குறிப்பிட்ட பெட்டியை எடுத்துக்கொள்வோம். உள்ளே இருப்பது 2020-ல் வெளிவந்த இன்டெல் ஐ5-10400எஃப் என்னும் பிராஸஸர். ஆறு கோர் உடையது. 2019-ல் வந்த என்விடியா ஜி.டி.எக்ஸ். 1650 என்னும் கிராபிக்ஸ் கார்டு. அதற்குச் சொந்த நினைவகம் 4 ஜி.பி. பெட்டிக்குப் பொதுவான ரேம் 8 ஜி.பி., அதுவும் ஒற்றைத் தகடு. ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க். மின்சாரத்தை வாங்கிப் பங்கிட்டுக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். ஏறக்குறைய 300 வாட். மேஜைமேல், வினாடிக்கு 60 தடவை படம் மாற்றும் மானிட்டர்.

ஆட்டத்தின் ஒவ்வொரு படமும் இந்த அங்கங்கள் எல்லாம் சேர்ந்து நடத்தும் பந்தி. பரிமாறுகிறவர்கள் நாலு பேர் கச்சை கட்டிக்கொண்டு நின்றாலும், சமையற்கட்டில் சாதம் வடித்தாகவில்லை யென்றால் இலை காலியாகத்தான் இருக்கும். அந்தச் சமயத்தில் ஐந்தாவது ஆளைப் பரிமாறக் கூப்பிட்டு என்ன பிரயோஜனம்? பெட்டி விஷயத்தில் பெரும்பாலோர் செய்வது இதைத்தான். எந்த அங்கம் நொண்டுகிறது என்று பாராமல், கடைக்காரர் புகழ்ந்த அங்கத்தை வாங்கி வந்துவிடுகிறார்கள்.

நொண்டுவது யாரென்று கண்டுபிடிக்கச் சல்லிக்காசு செலவில்லை. ஸ்டீம் முதலிய ஆட்டக் கடைகளின் அமைப்பிலேயே, வினாடிக்கு எத்தனை படம் வருகிறதென்று மூலையில் காட்டும் வசதி இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு, வழக்கமாகத் திணறும் ஆட்டத்தை வழக்கமாகத் திணறும் கட்டத்தில் நடத்துங்கள். எண் 40 என்று வைத்துக்கொள்வோம். இப்போது படத்தின் அளவை 1920-க்கு 1080 புள்ளியிலிருந்து 1280-க்கு 720 ஆகக் குறையுங்கள். எண் சட்டென்று 65, 70 என்று ஏறினால் திணறியது கிராபிக்ஸ் கார்டு. அதன் பளு குறைந்ததும் ஓடிவிட்டது. அளவைக் குறைத்தும் எண் 40-ஐ விட்டு நகரவில்லை யென்றால் கார்டு நிரபராதி. பிராஸஸரையோ ரேமையோ விசாரிக்கவேண்டும். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்ற மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் வரும் டாஸ்க் மானேஜரில், ரேம் நூற்றுக்குத் தொண்ணூறுக்குமேல் நிரம்பியிருந்தால் விசாரணை அங்கேயே முடிந்துவிடும்.

இதே கையோடு இரண்டு காரியம். ஆட்டம் ஏற்கனவே 60 படத்தைத் தொட்டுவிட்டதானால், 60 தடவை மாற்றும் மானிட்டரில் அதற்குமேல் வாங்குவதைக் கண் பார்க்கப் போவதில்லை. தாயாரிடம் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். மற்றொன்று தூசி. ஐந்து வருஷம் திறவாத பெட்டியில் விசிறிகளும் உலோகச் சிறகுகளும் பஞ்சு மெத்தை போர்த்தியிருக்கும். சூடு ஏறினால் பிராஸஸரும் கார்டும் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்டவை. மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, விசிறி சுழலாமல் ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, மெல்லிய தூரிகையாலோ காற்றூதியாலோ சுத்தம் செய்தால் இழந்த வேகம் இனாமாகத் திரும்பிவரக் கூடும். வாரண்டி காலம் இன்னும் இருந்தால் மட்டும், திறக்குமுன் அதன் நிபந்தனைகளைப் படித்துவிடுங்கள்.

இனிச் செலவு. நம் பெட்டியில் முதல் ரூபாய் போகவேண்டிய இடம் ரேம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மதர்போர்டில் பிராஸஸருக்கும் ரேமுக்கும் நடுவே இரண்டு வாய்க்கால்கள் வெட்டி வைத்திருக்க, கம்பெனியார் சிக்கனத்துக்காக ஒற்றைத் தகடு செருகி, ஒரு வாய்க்காலை வறள விட்டிருக்கிறார்கள். அதே அளவில் இன்னொரு 8 ஜி.பி. தகடு செருகினால் இடமும் இரட்டிக்கும், வாய்க்காலும் இரண்டாகும். வாங்கும்போது டி.டி.ஆர்.4 என்று கேட்டு வாங்கவேண்டும், டி.டி.ஆர்.5 தகட்டின் வெட்டு வேறிடத்தில் இருப்பதால் செருகவே செருகாது. வேகம் 2666 போதும். இந்தப் பிராஸஸருடன் கம்பெனிப் பெட்டிகளில் வரும் சாதாரண மதர்போர்டுகள் அதற்குமேல் ஓட்டுவதில்லை. 3600 என்று அச்சிட்ட தகட்டுக்கு அதிகம் கொடுத்தால் அச்சுக்குத்தான் கொடுத்ததாகும். 2025-ம் வருஷக் கடைசியில் ரேம் விலை தாறுமாறாக ஏறிற்று. செயற்கை அறிவு யந்திரசாலைகளுக்காக நினைவகச் சில்லுகள் மொத்தமாகப் போனதே காரணம். ஆதலால் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பழைய தகடு வாங்குவதை நான் குறைவாக நினைக்கமாட்டேன். ரேமில் தேய்கிற உறுப்பு இல்லை. வாங்கி வந்து மெம்டெஸ்ட்86 என்னும் சோதனையை ஓர் இரவு முழுதும் ஓடவிட்டு, பிழை காட்டினால் மறுநாளே திருப்பிக்கொடுக்கும்படி பேசிக்கொண்டால் போதும்.

ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. வைத்தால் படங்களின் எண் அதிகம் ஏறாது. ஆனால் யந்திரம் விழித்தெழவும் ஆட்டம் திறக்கவும் நிமிஷக்கணக்கில் காத்திருந்தது வினாடிக்கணக்காகும். வீட்டில் எல்லோரும் உணரும் மாறுதல் இதுதான். பழைய எஸ்.எஸ்.டி. மட்டும் வாங்காதீர்கள், எழுத எழுதத் தேயும் வஸ்து அது.

பிராஸஸரைத் தொடவேண்டாம் என்பது என் யோசனை. ஆறு கோர் இன்னும் வயசாகிவிடவில்லை. தவிர, இந்தச் சொக்கட்டானில் குழி அதிகம். பதினோராம் தலைமுறைப் பிராஸஸரும் இதே குழியில் உட்காரும் உருவந்தான். ஆனால் கம்பெனிப் பெட்டிகளில் சாதாரணமாக வரும் எச்410, பி460 வகை மதர்போர்டுகள் அதை ஏற்பதில்லை. இவ்விஷயத்தில் ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 பெட்டி வைத்திருப்பவர்கள் பாக்கியசாலிகள். 2017-ல் வாங்கிய மதர்போர்டுகள் பலவற்றில், பயாஸைப் புதுப்பித்த பிறகு, 2022-ல் வந்த பிராஸஸரும் உட்கார்ந்துவிடுகிறது.

கிராபிக்ஸ் கார்டுதான் ஆசையின் சிகரம், அபாயமும் அங்கேதான். முதலில் இனாம் வைத்தியம் ஒன்று: 4 ஜி.பி. நினைவகம் நிரம்பினால் ஆட்டம் திக்கித் திக்கி நடக்கும். ஆட்டத்தின் அமைப்பில் 'டெக்ஸ்சர்' என்ற ஒன்றை மட்டும் ஒரு படி இறக்கினால் பல சமயம் திக்கல் போய்விடும். அதிலும் திருப்தியில்லை யென்றால்தான் கடைக்குப் போகவேண்டும். போகுமுன், கார்டைப் பற்றி யோசிப்பதற்கு முந்தி, எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். பெரிய எழுத்தில் போட்ட வாட் கணக்கு முக்கியமல்ல. 12 வோல்ட் என்ற வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து 12-ஆல் பெருக்குங்கள். 20 ஆம்பியரானால் 240 வாட். கார்டும் பிராஸஸரும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டிய சொத்து அதுவே. நம் பிராஸஸர் 65 வாட் என்று எழுதிக்கொண்டாலும், மும்முரமான சமயத்தில் அரை நிமிஷத்துக்கு அதன் இரு மடங்கு கேட்கும்.

மதர்போர்டிலுள்ள கார்டுச் செருகுமிடம் 75 வாட் வரையில்தான் கொடுக்கும். 1650 அதற்குள் காலம் தள்ளுகிறது. அதனால்தான் இந்த ஏழை எஸ்.எம்.பி.எஸ்.ஸுடன் குடித்தனம் நடந்துவருகிறது. அதற்குமேல் வேண்டிய கார்டுக்குத் தனிக் கம்பி வேண்டும்; ஆறு ஊசிக் கம்பி 75 வாட்டும், எட்டு ஊசிக் கம்பி 150 வாட்டும் கொண்டுவரும். நம் பெட்டியில் அந்தக் கம்பி இல்லாதிருக்கலாம். "ஒரு கன்வெர்ட்டர் போட்டுத் தருகிறேன், சார்" என்று கடைக்காரர் ஹார்ட் டிஸ்க் கம்பியிலிருந்து மாற்றுக்கம்பி இழுத்தால் தயவுசெய்து எழுந்து வந்துவிடுங்கள். அளவுக்கு மீறின கரண்டு மெல்லிய கம்பியில் போனால் முதலில் உருகுவது பிளாஸ்டிக். அப்புறம் எது என்பது அதிர்ஷ்டம். ஆனையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு யோசிப்பது பழமொழியில் வேடிக்கை; மின்சாரத்தில் வேடிக்கையல்ல.

'எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் மாற்றிவிட்டால் போயிற்று' என்பீர்கள். சரி, ஆனால் மூடியைத் திறந்து பாருங்கள். மதர்போர்டுக்குப் போகும் பெரிய கம்பியில் 24 ஊசி இருந்தால் கடையில் கிடைக்கும் எதுவும் பொருந்தும். சில கம்பெனியார் தமக்கென்று வேறு உருவத்தில் ஊசிக்கட்டும், காபினெட்டில் வேறு அளவில் இடமும் வைத்திருக்கிறார்கள். அப்படியானால் 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டே உங்களுக்கு விதித்தது. 2024-ல் வந்த ஆர்.டி.எக்ஸ். 3050-ன் 6 ஜி.பி. வகை 70 வாட்டில் ஓடுகிறது. இதில் ஒரு பெயர்க் குழப்பம்: 2022-ல் வந்த அதே 3050-ன் 8 ஜி.பி. வகைக்கு 130 வாட் வேண்டும். பில் போடுமுன் ஜி.பி.யைப் பார்த்துக்கொள்ளுங்கள், 6 ஜி.பி. வகையிலும் தனிக் கம்பி கேட்காததாகப் பார்த்து எடுங்கள்.

24 ஊசியும் இடமும் இருக்கிறவர்கள், நல்ல கம்பெனியின் 500 அல்லது 550 வாட் எஸ்.எம்.பி.எஸ்.ஸை முதலில் வாங்கி, மிச்சத்தில் 2021-ல் வந்த ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 6600 போன்ற 8 ஜி.பி. கார்டைப் பழசாகவோ புதிதாகவோ தேடலாம். 132 வாட், ஒரே எட்டு ஊசிக் கம்பி. விலை குறைவு என்று அதன் தம்பி ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி.யை எடுக்கவேண்டாம். அது மதர்போர்டோடு பேச நாலே பாதைதான் உடையது. நம்முடையதைப் போன்ற மூன்றாம் தலைமுறைச் செருகுமிடத்தில் அந்த நாலு பாதையின் வேகமும் பாதியாகிவிடும். நினைவகமும் அதே பழைய 4 ஜி.பி. கார்டின் நீளத்தைக் காபினெட்டுக்குள் அளவுகோல் வைத்து அளந்துகொண்டு போவதும் நல்லது.

ரேம், எஸ்.எஸ்.டி., எஸ்.எம்.பி.எஸ்., கார்டு நாலும் 20,000 ரூபாய்க்குள் அடங்காமல் போகலாம். விரலுக்குத் தகுந்த வீக்கமாக, முதல் இரண்டை இந்த விடுமுறையில் முடித்துவிட்டு, பின்னிரண்டை அடுத்த தவணைக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் பின்னிரண்டையும் ஒன்றாகவே வாங்கவேண்டும்.

புதுக் கார்டு வந்தபின் பழைய 1650-ஐ விற்றுவிடப் பிள்ளை துடிப்பான். ஆறு மாதமாவது விற்கவிடாதீர்கள். நம் பிராஸஸரின் பெயரில் கடைசியாக நிற்கிறதே 'எஃப்' என்ற எழுத்து, அதற்குச் சொந்தமாகப் படம் காட்டும் திறமை கிடையாது என்று பொருள். புதுக் கார்டு பழுதாகி வாரண்டிக்குப் போனால், அது திரும்பி வரும்வரை பழைய கார்டு இருந்தால்தான் மானிட்டரில் வெளிச்சம் வரும்.