பார்க்ரன் விளையாட்டுதான்

போட்டி இல்லையென்றால் அது வெறும் உடற்பயிற்சி, விளையாட்டாகாது என்கிறார்கள். 2024 பிப்ரவரியில் பார்க்ரன் அமைப்பு தன் இணையதளத்திலிருந்து சாதனைப் பட்டியல்களை நீக்கியபோது, பிரிட்டனில் இந்தக் குரல் ஓங்கி ஒலித்தது. சனிக்கிழமை காலை, பூங்காவில் 5 கிலோமீட்டர். ஓடலாம், நடக்கலாம், கட்டணம் கிடையாது. நடத்துபவர்கள் அந்தந்த ஊர்த் தொண்டர்கள். ‘இது ஓட்டம், பந்தயமல்ல’ என்பது அவர்கள் வழக்கமாகச் சொல்வது. நியாயம் அவர்கள் பக்கம்தான்.

முதலாவது, அளவுகோலை யாரும் தூக்கி எறியவில்லை. முடிவுக் கோட்டில் ஒருவர் ஸ்டாப்வாட்சோடு நிற்கிறார். இன்னொருவர் வந்த வரிசைப்படி டோக்கன் கொடுக்கிறார். மூன்றாமவர் டோக்கனையும் ஓடியவரின் பார்கோடையும் ஸ்கேன் செய்கிறார். வரிசையும் நேரமும் வெளியாகின்றன. தன் பழைய நேரத்தை முறியடித்தவருக்கு அதுவும் தெரிகிறது. எல்லாக் காலத்துக்குமான முதலிடப் பட்டியல்கள் போனதற்கா இத்தனை கூச்சல்?

மெதுவாக வருபவர்கள் பெருகித் தரம் குறைந்துவிட்டது என்பது அடுத்த குறை. சராசரி நேரம் கூடியிருப்பது உண்மைதான். அதனால் வேகமானவர் காலை யாரும் கட்டிவிடவில்லை. லண்டன் ஒலிம்பிக்கில் 1,500 மீட்டர் ஓடிய ஆண்டி பேட்லி, அதே 2012 ஆகஸ்டில் லண்டனின் புஷி பார்க்கில் நடந்த பார்க்ரனை 13 நிமிடம் 48 நொடியில் ஓடி முடித்தார். குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வருபவர்களுக்கும் அதே பாதைதான்.

ஓடுபவர்தான் விளையாட்டுக்காரர், தொண்டர் வெறும் எடுபிடி என்ற பேச்சைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பார்க்ரன் பிறந்ததே ஓட முடியாத ஒருவரால். காயத்தால் ஒதுங்கியிருந்த பால் சின்டன்-ஹியூவிட், 2004 அக்டோபர் 2 அன்று புஷி பார்க்கில் மற்றவர்களை ஓடவிட்டார். ஓடியவர்கள் 13 பேர், தொண்டர்கள் 5 பேர். ஓட்டக்காரர்களின் நட்பு அறுந்துவிடாமல் இருக்க அவர் கண்ட வழி அந்த ஓட்டம். இன்று எல்லோருக்கும் பின்னால் நடந்து வர ஒரு தொண்டர் இருக்கிறார். கடைசி இடம் எப்போதும் அவருக்கே. நாம்தான் கடைசியாக வருவோமோ என்ற வெட்கத்தில் பள்ளி நாளோடு மைதானத்தை விட்டவர்கள் எத்தனை பேர்! அவர்களைத் திரும்ப அழைத்து வர இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை.

இலவசமாகக் கிடைப்பதற்கு மதிப்பில்லை என்பவர்களும் உண்டு. 2016-இல் பிரிஸ்டலுக்கு அருகே லிட்டில் ஸ்டோக் பூங்காவின் பராமரிப்புக்கு ஸ்டோக் கிஃபோர்ட் ஊராட்சி கட்டணம் கேட்டது. ஆளுக்கு ஒரு பவுண்டு என்று பேச்சு. ஊராட்சியின் கணக்கிலும் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் பார்க்ரன் மசியவில்லை. கட்டணம் வாங்குவதைவிட நிறுத்துவதே மேல் என்று அங்கே ஓட்டத்தை நிறுத்தியது. சரியான முடிவு. காசு கட்டியவர் மறுவாரமே, நேரத்தைத் தவறாகக் குறித்தவரிடம் சண்டைக்கு நிற்பார். அதன்பிறகு அந்த ஸ்டாப்வாட்சைச் சும்மா பிடிக்க யார் வருவார்கள்?