முதற் கூலியும் முதற் கடனும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரியிலிருந்து மரக்காணம் நோக்கிச் செல்வோர் பலர் கீழ்புத்துப்பட்டில் இறங்கி ஐயனாரை வணங்கிச் செல்வதை நாம் நாள்தோறும் காண்கிறோம். அவர்களிற் பெரும்பாலோர் நேர்த்திக்கடன் செலுத்த வருவோர். வேண்டுதல் செய்துகொண்ட அன்றே ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து வைப்பதும், பின்னர்க் கைக்குக் கிடைத்தபோதெல்லாம் சிறிது சிறிதாக அதற்கெனச் சேர்ப்பதும் நம் தாய்மாரின் நெடுநாள் வழக்கம். வீட்டில் எவ்வளவு முடை நேர்ந்தாலும், குறித்த நாள் வருமுன் அந்த முடிச்சை அவர்கள் அவிழ்ப்பதில்லை. தெய்வத்துக்குரிய கடனில் இத்துணை ஒழுங்கைக் கடைப்பிடிக்கும் நாம், ஆண்டுதோறும் தவறாமல் வரும் மழைக்காலத்துக்கென்று ஒரு முடிச்சு முடிந்து வைத்திருக்கிறோமா?

இக்கேள்வியை நம் இளைய அங்கத்தினர்களிடமும், அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகளிடமும் கேட்கவே இதனை எழுதுகிறோம். கடனைப் பற்றிய பேச்சு முதியோரின் கவலை என்றும், இளைஞருக்கு அது வேண்டுவதில்லை என்றும் சிலர் எண்ணலாம். நம் கருத்து இதற்கு நேர்மாறானது. முதற் கூலி கைக்கு வரும் 18 வயதுக்கும், குடும்பப் பொறுப்பு தோளில் ஏறும் 25 வயதுக்கும் இடையே ஒருவர் கற்றுக்கொள்ளும் பழக்கமே, பெரும்பாலும் அவருடைய பிற்கால வாழ்வைக் கடன்பட்ட வாழ்வாகவோ கடனற்ற வாழ்வாகவோ ஆக்கிவிடுகிறது.

நம் பகுதியின் வருமானம் மாதச் சம்பளக்காரரின் வருமானத்தைப் போன்றதன்று. தை, மாசியில் பாத்திகளைத் திருத்தி வேலை தொடங்கினால், வடகிழக்குப் பருவமழை வரும்வரை உப்பளத்தில் கூலி உண்டு. ஐப்பசியில் மழை இறங்கிவிட்டால் பாத்திகள் நீரில் மூழ்கும். உப்பளத் தொழிலாளிக்கு ஏறக்குறைய மூன்று மாதம் வேலை இல்லை. நெசவாளரின் நிலையும் அந்நாட்களில் நன்றாக இருப்பதில்லை. தெருவில் பாவு விரித்துக் கஞ்சியிட வெயில் வேண்டும். குழித்தறியில் ஈரம் ஏறினால் தறி நின்றுவிடும். மணிலாவும் தர்பூசணியும் பயிரிடுவோர்க்கு அறுவடையின்போதுதான் பணம். சவுக்கு வைத்தவருக்கோ சில ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் பணம். இவ்வாறு விட்டுவிட்டு வரும் வருமானத்தைக் கொண்டு விடாமல் வரும் செலவைச் சமாளிப்பதே நம் வாழ்க்கைக் கணக்கு. இக்கணக்கைப் பள்ளியில் எவரும் நமக்குக் கற்பிக்கவில்லை. ஆகவே வட்டிக்குக் கொடுப்பவர் கற்பிக்கிறார். அவர் பெறும் சம்பளமும் அதிகம்.

முன்னாளில் இளைஞர் ஒருவர் கடன் வாங்க வேண்டுமானால் நாலு பேர் அறியக் கேட்க வேண்டியிருந்தது. அந்த வெட்கமே ஓரளவு வேலியாக நின்றது. இன்று அந்த வேலி இல்லை. கைப்பேசியைத் தவணையில் வாங்கலாம். மோட்டார் சைக்கிளைத் தவணையில் வாங்கலாம். அந்தத் தவணையைக் கட்டுவதற்கு அதே கைப்பேசியில் உள்ள செயலியில் நள்ளிரவிலும் கடன் வாங்கலாம். தாய் மகளிர் குழுவில் வாங்கிய கடன் ஒருபுறம் இருக்க, மகனின் தவணை மறுபுறம் சேர்கிறது. வீட்டில் உள்ள இருவர் கடனை இருவரும் ஒருவருக்கொருவர் மறைக்கின்றனர். நண்பனுக்காக இட்ட ஜாமீன் கையெழுத்தோ கணக்கிலேயே வருவதில்லை. ஜாமீனும் கடனே என்பதை, நண்பன் ஊரைவிட்டுப் போன பிறகே பலர் உணர்கின்றனர்.

வட்டி எவ்வளவு என்று கேட்டால், வாங்கியவருக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. ஓர் உதாரணம் காண்போம். 10,000 ரூபாய் தண்டல் என்று பெயர். கையில் தருவது 8,500 ரூபாய். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ‘பிடித்துக்கொண்டது 1,500 ரூபாய்தானே; நூற்றுக்கு 15 தானே!’ என்று வாங்கியவர் நினைக்கிறார். ஆனால் அந்த 8,500 ரூபாயும் 100 நாளும் அவரிடம் இருந்ததா? இல்லை. மறுநாள் முதலே 100, 100 ஆகத் திரும்பிப் போகிறது. சராசரியாக அவரிடம் இருந்தது அதிற் பாதியாகிய 4,250 ரூபாயே. அதற்கு 100 நாளில் 1,500 ரூபாய் வட்டி என்றால், ஆண்டுக்கு நூற்றுக்கு 120க்கும் மேலாகிறது! எந்தப் பாத்தியில், எந்தத் தறியில், எந்த நிலத்தில் இவ்வளவு இலாபம் விளைகிறது? விளையாத இலாபத்தை வட்டியாகக் கட்ட முற்படுபவர் தம் சாப்பாட்டிலிருந்துதான் அதனைக் கட்ட முடியும்.

சட்டம் இதனைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. தமிழ்நாட்டில் 2003-இல் இயற்றப்பட்ட அதிக வட்டித் தடைச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் முதலியவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. செயலிக் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி 2022-இல் விதிகள் வகுத்தது. கடன் வாங்குவோரின் வங்கிக் கணக்குக்கே பணம் நேராக வர வேண்டும். ஆண்டு வட்டி இவ்வளவு என்று முன்னதாகவே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கைப்பேசியில் உள்ள உறவினர், நண்பர் எண்களைச் செயலி எடுக்கலாகாது. வலுக்கட்டாய வசூலைத் தடுக்க 2025-இல் தமிழகச் சட்டமன்றம் தனிச் சட்டமே நிறைவேற்றியது. மிரட்டலுக்கு ஆளான இளைஞர் எவரும் ஒளிந்துகொள்ள வேண்டியதில்லை. தந்தையிடமும் சங்கத்திலும் சொல்லிக் காவல் நிலையத்தை அணுகலாம். ஆயினும், சட்டம் விழுந்தவரைத் தூக்கும் கை. நடக்கக் கற்பிக்கும் கை அன்று.

நடக்கக் கற்பிக்கவே கூட்டுறவு இயக்கம் தோன்றியது. சென்னை மாகாணத்து உழவரின் கடன் நிலையை ஆராய்ந்த பிரடெரிக் நிக்கல்சன், 1895லும் 1897லும் அளித்த அறிக்கைகளில், ஜெர்மனியில் ரைபைசன் என்பார் நிறுவிய கிராம நாணயச் சங்கங்களின் வழியை இங்கும் பின்பற்றுமாறு எடுத்துரைத்தார். 1904-இல் சட்டம் வந்தது. அவ்வாண்டே திரூரில் உழவருக்கும், காஞ்சிபுரத்தில் நகரத்தாருக்கும் சங்கங்கள் அமைந்தன. எனினும், 1951-52-இல் நடந்த அகில இந்திய கிராமக் கடன் ஆய்வு கண்டதென்ன? உழவர் வாங்கிய கடனில் நூற்றுக்கு 3 பங்களவே கூட்டுறவுச் சங்கங்கள் அளித்தவை. நூற்றுக்கு 70 பங்களவு லேவாதேவிக்காரர் அளித்தவை. சங்கம் கண்டு அரை நூற்றாண்டு ஆகியும் வட்டிக்கடை அசையவில்லை. அதன் பின்னர்ச் சங்கக் கடன் பெருகியிருக்கிறது என்பது உண்மையே. குறித்த காலத்தில் திருப்பிச் செலுத்தும் உழவருக்குப் பயிர்க்கடன் இன்று வட்டியின்றியே கிடைக்கிறது. ஆனால் கடன் கொடுக்கக் கற்ற அளவுக்குச் சிக்கனம் கற்பிக்க நம் சங்கங்கள் கற்றனவா?

‘சிக்கன நாணயச் சங்கம்’ என்று பெயர் வைத்த பெரியோர், சிக்கனத்தை முன்னும் நாணயத்தைப் பின்னும் வைத்தனர். நாம் முன்னதை விட்டுப் பின்னதை மட்டும் பிடித்துக்கொண்டோம். இதற்கு ஒரு நல்ல விலக்கு நம்மிடையே உண்டு. 1975-இல் தொடங்கிய கூட்டுறவு நெசவாளர் சேமிப்புப் பாதுகாப்புத் திட்டத்தில், நெசவாளர் பெறும் கூலியில் ரூபாய்க்கு 8 காசு பிடித்துவைக்கப்படுகிறது. அரசு 4 காசு சேர்க்கிறது. கூலி கைக்கு வருமுன்னரே சேமிப்பு விலகி நிற்கிறது என்பதே இத்திட்டத்தின் உயிர். செலவு செய்து மிஞ்சியதைச் சேமிக்கலாம் என்பவர் சேமிப்பதில்லை. சேமித்து மிஞ்சியதைச் செலவிடுபவரே சேமிக்கிறார்.

உப்பளத்தில் கூலி பெறும் தம்பிக்கும் தங்கைக்கும் இத்தகைய பிடித்தம் இல்லை. அவர்கள் தம் கையாலேயே பிடித்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு பிடிப்பது? நாட்கூலி 500 ரூபாய், மாதம் 24 நாள் வேலை என்று வைத்துக்கொண்டால், மாதம் 12,000 ரூபாய். ஒன்பது மாதத்துக்கு 1,08,000 ரூபாய். ஆனால் சாப்பிட வேண்டியது பன்னிரண்டு மாதம். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 9,000 ரூபாய் ஆகிறது. கையில் 12,000 ரூபாய் இருக்கும்போதே 9,000 ரூபாய்க்காரராய் வாழ்ந்தால், ஒன்பது மாதத்தில் மீதமாகும் 27,000 ரூபாய், மழையின் மூன்று மாதத்தையும் அப்படியே தாங்கும். இதனையே ஆண்டு பட்ஜெட் என்கிறோம். நம் ஊருக்கு மாத பட்ஜெட் போதாது.

பெற்றோர் வீட்டில் உண்டு உறங்கும் மணமாகாத இளைஞருக்கு ரூபாய்க்கு 25 காசு என்னும் இவ்வளவு இயலக்கூடியதே. குடும்பம் நடத்துவோர்க்கு இயலாமற் போகலாம். அவர்கள் நெசவாளரின் 8 காசிலிருந்து தொடங்கட்டும். ஒன்பது மாதத்தில் 8,640 ரூபாய் சேரும். உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் வழங்கும் திட்டத்தை அரசு 2022-இல் தொடங்கியது. அதனையும் சேர்த்தால் மூன்று மாதத்தில் ஏறக்குறைய ஒன்றரை மாதம் கடனின்றிக் கழியும். பாதிக் கடன் குறைந்தாலும் பாதி வட்டி மிச்சம் அன்றோ!

முன்பே கடனில் இருப்பவர் என்ன செய்வது? முதலில், ஒரு நோட்டுப் புத்தகத்தில் எல்லாக் கடனையும் எழுதுக. யாரிடம், எவ்வளவு, ஆண்டுக்கு என்ன வட்டி, ஜாமீன் உண்டா என்பவை அதில் இருக்க வேண்டும். வட்டி தெரியாவிடில் சங்கச் செயலாளரிடம் சென்று கணக்குப் பார்த்துக்கொள்க. இரண்டாவதாக, பழைய கடனின் தவணைக்குப் புதிய கடன் வாங்குவதை நிறுத்துக. இந்த ஒரு கதவை மூடாதவரை மற்ற முயற்சிகள் வீண். மூன்றாவதாக, எல்லாக் கடனுக்கும் கட்ட வேண்டிய தவணையைக் கட்டியபின், மிஞ்சும் ஒவ்வொரு ரூபாயையும் மிக அதிக வட்டியுள்ள கடனுக்கே செலுத்துக. அது தீர்ந்தபின் அடுத்தது. நான்காவதாக, வீட்டில் நகை இருந்தால், சங்கத்தில் குறைந்த வட்டிக்கு நகைக்கடன் பெற்றுத் தண்டலை முடித்துவிடுவது அறிவுடைமை. ஆனால் தண்டலை முடித்த மறுமாதமே மீண்டும் தொடங்குபவர் நகையையும் இழப்பார். ஐந்தாவதாக, நாள்தோறும் செலவை எழுதுக. இது உப்பளத்தில் வேலை செய்வோர்க்குப் புதியதன்று. கடல்நீர் ஏறக்குறைய 3 டிகிரியில் இருக்கிறது. 25 டிகிரியை எட்டும்போதே உப்பு படிகிறது. 30 டிகிரி நெருங்கும் நீரை வடிக்காவிடில் உப்பு கசந்துவிடும். பாத்தி நீருக்கு அளவு பார்க்கத் தெரிந்த கைக்கு, தன் கூலிக்கு அளவு பார்க்கத் தெரியாமற் போகாது.

இதற்கு ஒரு மறுப்பு எழும் என்பதை நாம் அறிவோம். ‘கூலியே போதவில்லை, இல்லாத பணத்துக்குக் கணக்கு எதற்கு?’ என்பர் சிலர். அவர்கள் கூற்றில் நியாயம் உண்டு. எந்தக் கணக்கும் குறைந்த கூலியை உயர்ந்த கூலி ஆக்காது. சிக்கனம் பேசுவோர் கூலி உயர்வைப் பற்றிப் பேசாதிருப்பது நேர்மையும் ஆகாது. ஆயினும், ‘ஒரு குடும்பம் ஆண்டு முழுவதும் உயிர் வாழ இவ்வளவு வேண்டும், கிடைப்பது இவ்வளவு’ என்று எழுதிக் காட்டும் கணக்கைப்போல் கூலி கேட்பவருக்கு வலுவான சான்று வேறில்லை. கணக்கில்லாதவர் முறையீடு புலம்பலாகவே முடிகிறது.

‘தள்ளுபடி வரும்’ என்று காத்திருப்போரும் உண்டு. 2021-இல் கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடியாயிற்று. அவ்வாண்டே 5 பவுன் வரையிலான நகைக்கடனும் தகுதியுடையோர்க்குத் தள்ளுபடி என அறிவிக்கப்பட்டது. அதனால் ஆறுதல் பெற்ற குடும்பங்கள் பல. ஆனால் தண்டலையும் செயலிக் கடனையும் எந்த அரசு தள்ளுபடி செய்தது? மிகக் கொடிய கடனுக்கே தள்ளுபடி இல்லை என்பதை இளைஞர் மறவாதிருப்பாராக.

இறுதியாக, பெரியோர்க்கும் சங்க நிர்வாகிகளுக்கும் ஒரு சொல். மகன் அல்லது மகளின் முதற் கூலியை முழுவதும் வாங்கிப் பழைய கடனுக்குக் கட்டிவிடும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. அவ்வாறு செய்தால் கடன் சிறிது குறையலாம். பிள்ளைக்குக் கணக்குக் கற்கும் வாய்ப்பு போய்விடும். எட்டுக் காசையேனும் அவர்கள் பெயரில் விட்டுவைப்பீர்களாக. சங்கங்களோ, வரும் பேரவைக் கூட்டத்தில் இரண்டு தீர்மானங்களை ஏற்கலாம். 18 வயது நிறைந்த ஒவ்வோர் அங்கத்தினர் பிள்ளைக்கும் முதற் கூலி வாரத்திலேயே ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கித் தருவது ஒன்று. புரட்டாசியில், மழைக்கு முன், கடன் நோட்டுடன் வரும் எவருக்கும் வட்டிக் கணக்குப் பார்த்துச் சொல்ல ஒரு நாளை ஒதுக்குவது மற்றொன்று. இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு இல்லை. மனம் ஒன்றே வேண்டும்.

ஐயனாருக்கு முடிந்த முடிச்சுக்குப் பக்கத்தில் ஐப்பசிக்கும் ஒரு முடிச்சு இருக்கட்டும். அதனை இந்த வாரக் கூலியிலேயே முடிவோமாக!