நூத்துக்கு எத்தனைன்னு சொல்றதுக்கு முன்னாடி

புதுசா ஒரு நோய் வந்தா டிவியில முதல்ல ஒரு சதவீதம் சொல்றாங்க. நூத்துக்கு இத்தனை பேர் சாகிறாங்கன்னு. அந்த எண்ணை நான் உடனே நம்புறதில்லை. பொய் சொல்றாங்கன்னு இல்லைங்க. செத்தவங்க எண்ணிக்கையை எந்த எண்ணால வகுத்தாங்கன்னு சொல்லாம விட்டுடறாங்க, அதான் என் குறை.

எனக்குத் தெரிஞ்ச மாட்டை வச்சே சொல்றேன். தோல் கழலை நோய் கேள்விப்பட்டிருப்பீங்க. மாட்டு உடம்பு முழுக்கக் கட்டி கட்டியா வரும், காய்ச்சல் அடிக்கும், கால் வீங்கும், பால் இறங்கிடும். 1929-ல ஆப்பிரிக்காவின் ஜாம்பியாவில் முதல்ல கண்டது. நம்ம நாட்டுக்கு ஒடிசா வழியா 2019-ல வந்தது. 2022-ல ராஜஸ்தான், குஜராத் பக்கம் மாடுகள் கொத்துக் கொத்தா செத்ததைப் பேப்பர்ல படம் போட்டாங்க. நாடு முழுக்க அந்த வருஷம் ஒரு லட்சத்துக்கு மேல செத்ததா அரசாங்கக் கணக்கு.

எங்க தெருவுக்கு அது வந்தப்போ மொத்தம் 31 உருப்படி. கட்டி வந்தது 9. கால்நடை டாக்டரை வரவழைச்சுக் காட்டினது 3 தான். அந்த மூணுல ரெண்டு கன்னுக்குட்டி செத்துப்போச்சு. இப்ப சொல்லுங்க, இந்த நோயில சாவு எவ்வளவு? டாக்டர் நோட்டுப்படி மூணுக்கு ரெண்டு. தெருவுல கேட்டா ஒன்பதுக்கு ரெண்டு. கட்டியே வராம ரெண்டு நாள் தீனி தின்னாம நின்ன மாடுங்க நாலஞ்சு இருந்தது. கிருமி ஏறினாலும் சில மாட்டுக்குக் கட்டி வர்றதில்லைன்னு ஆராய்ச்சி பண்ணினவங்க சொல்றாங்க. அதையும் சேர்த்தா விகிதம் இன்னும் இறங்கும். மாடு அதே மாடு, நோயும் அதே நோய். வகுக்கிற எண் மாறினா பயமும் மாறுது.

அந்த மூணுக்கு ரெண்டுங்கிற பேச்சு சந்தை வரைக்கும் போச்சு. பயந்துபோய் நல்ல கறவை மாட்டைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டவங்க எங்க ஊர்ல உண்டு. தரகருக்கு லாபம். அந்த மாடு ஏறின வண்டியில நோயும் ஏறி அடுத்த ஊருக்குப் போயிருக்கும், வேறென்ன. உலக உணவு வேளாண்மை அமைப்பு சொல்ற கணக்கு, சாவு நூத்துக்கு ஒண்ணுல இருந்து அஞ்சு. இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா பாதிப் பேர் வித்திருக்க மாட்டாங்க.

இதே கணக்கு வைத்தியத்துலயும் விளையாடும். வெத்தலை, மிளகு, உப்பு, வெல்லம் அரைச்சுக் கொடுத்தோம், மாடு பிழைச்சிடுச்சுன்னு எங்க ஊர்ல பத்துப் பேர் சத்தியம் பண்ணுவாங்க. நானும் கொடுத்தேன், இன்னும் கொடுப்பேன். ஆனா நூத்துக்கு தொண்ணூத்தஞ்சு தானாவே பிழைக்கிற நோயில, எதைக் கொடுத்தாலும் மருந்து ஜெயிச்ச மாதிரித்தான் தெரியும். கொடுக்காத மாடுகளையும் எண்ணிப் பார்த்தாத்தான் உண்மை தெரியும். அதை யார் எண்ணறா?

இன்னொரு பக்கமும் தப்பு நடக்கும். 2003-ல சார்ஸ் வந்தப்போ ஆரம்பத்துல நூத்துக்கு நாலு பேர்தான் சாவாங்கன்னாங்க. ஆஸ்பத்திரியில படுத்திருந்தவங்களையெல்லாம் பிழைச்ச கணக்குல சேர்த்துட்டாங்க. அவங்க பாதை இன்னும் முடியலையே! கடைசியில 8,096 பேர்ல 774 பேர் செத்தாங்க, நூத்துக்குப் பத்து பக்கம். எங்க தெருவுல ஒன்பதுக்கு ரெண்டுன்னு சொன்ன அன்னைக்கே நாலு மாடு படுத்த படுக்கையா கிடந்தது. அது எழுந்திருக்கிற வரைக்கும் அந்தக் கணக்கு அரைக்கணக்குதான்.

கொரோனாவுல ரெண்டு தப்பும் சேர்ந்தே நடந்தது. 2020 டிசம்பர் கடைசியில ஐசிஎம்ஆர் ஊர் ஊரா ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க. தடுப்பூசி போட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அஞ்சுல ஒருத்தருக்கு மேல நோய் வந்து போன அடையாளம் இருந்தது. இருபது கோடிக்கு மேல. பதிவேட்டுல இருந்தது ஒரு கோடி சொச்சம். கீழ் எண் இப்படின்னா, மேல் எண்ணும் சரியில்லை. 2020, 21 ரெண்டு வருஷத்துல இந்தியாவுல கூடுதலா 47 லட்சம் பேர் செத்திருக்கலாம்னு உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அரசாங்கம் அதை ஒத்துக்கலை. அவங்க கணக்கு அஞ்சு லட்சத்துக்குள்ள. நடுவுல உண்மை எங்கேயோ இருக்கு. ஆனா வீட்டுல செத்தவங்களை எண்ணாத ஊர்கள் எத்தனைன்னு கிராமத்துல இருக்கிறவனுக்குத் தெரியும்.

பரவுற வேகத்துக்கும் ஒரே எண் சொல்றாங்க, ஒருத்தர்கிட்ட இருந்து இத்தனை பேருக்குன்னு. எங்க தெருவுல சாணிக்குழி ஓரம் கட்டின மாட்டுக்குத்தான் முதல்ல வந்தது. கடிக்கிற ஈயும் கொசுவும் உண்ணியும் பரப்புற நோய் இது. மழை விட்ட மாசத்துல ஒரு எண், சித்திரை வெயில்ல வேற எண். அது நோயோட குணம் மட்டுமில்லை, இடத்தோட குணமும்தான்.

என் கருத்து இதுதாங்க. ஆஸ்பத்திரிக்கு வந்ததை மட்டும் எண்ணாம, சில தெருக்களை முழுசா எடுத்து, நல்லா இருக்கிறதையும் சேர்த்து வீடு வீடா எண்ணணும். நோய்னு சொன்னவனைத் தண்டிக்கவும் கூடாது. கட்டி வந்த மாடுன்னா அந்த வீட்டுப் பாலே வேணாம்னு பல இடத்துல சொன்னாங்க. அடுத்த நாள்ல இருந்து யாருமே கட்டி வந்ததுன்னு சொல்லலை. நோட்டுல நோய் குறைஞ்சுது, தொழுவத்துல குறையலை.

நகரத்துல இருந்து போன் பண்ணி, பால் குடிக்கலாமான்னு கேட்ட உறவுக்காரங்களுக்கும் சேர்த்துச் சொல்லிடறேன். இது மனுஷனுக்கு வராத நோய். எப்பவும் போலக் காய்ச்சிக் குடிங்க. மாட்டுக்குத்தான் ஆட்டம்மைத் தடுப்பூசி போட்டுக்கிட்டிருக்கோம். எங்க தெருவுல இன்னும் ஆறு மாடு பாக்கி.