பிளஸ் ஒன் மேசையில் முடிவாகும் செவிலியர் கனவு

கடந்த வாரம் எங்கள் காலனியில் நடக்கும் மாலை நேரப் பாடசாலைக்கு ஒரு தாயும் மகளும் வந்தார்கள். தாய், அரசு மருத்துவமனை ஒன்றில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். மகள், அரசு கலைக் கல்லூரியில் வரலாறு முதலாண்டு முடித்திருக்கிறாள். கையில் மதிப்பெண் பட்டியல்கள் வைத்த நெகிழிப் பை.

"அக்கா, ரெண்டாவது வருஷத்துல இருந்து பி.எஸ்சி. நர்சிங்குக்கு மாத்திக்க முடியுமா? இங்க படிச்ச ஒரு வருஷம் கணக்குல வருமா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

வராது. கலைக் கல்லூரியில் படித்த எந்த செமஸ்டரும் நர்சிங் பட்டப் படிப்பில் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படாது. வரலாறு மட்டுமல்ல, விலங்கியலோ வேதியியலோ படித்திருந்தாலும் இதே பதில்தான். நர்சிங்கில் சேர்வதானால் முதலாண்டிலிருந்துதான் சேர வேண்டும். அதற்கும் பிளஸ் டூவில் எந்தப் பாடங்களைப் படித்தோம் என்பதைத்தான் பார்ப்பார்கள்.

அவள் பிளஸ் டூவில் படித்தது 'செவிலியம்' என்ற தொழிற்கல்விப் பிரிவு. பெயரிலேயே செவிலியம் இருக்கிறதே, இதைப் படித்தால் நேராக நர்ஸ் ஆகிவிடலாம் என்று நம்பித்தான் அதில் சேர்ந்திருக்கிறாள். நல்ல மதிப்பெண்ணும் எடுத்திருக்கிறாள். பட்டப் படிப்புக்கு விண்ணப்பிக்கப் போன அன்றுதான், இயற்பியலும் வேதியியலும் படிக்காதவர்களுக்கு அங்கே இடமில்லை என்று தெரிந்திருக்கிறது.

"நான் கூட்டுற வார்டுல இவ நர்ஸா நிக்கணும்னு நெனச்சேம்மா" என்றார் தாய். வேறொன்றும் சொல்லவில்லை.

இது அந்த வீட்டின் கதை மட்டும் அல்ல. ஒவ்வோர் ஆண்டும் பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும், பிளஸ் ஒன் சேர்க்கை மேசையில் 15 வயதுப் பிள்ளைகள் ஒரு தாளில் கையெழுத்துப் போடுகிறார்கள். அந்தக் கையெழுத்தோடு எத்தனை கதவுகள் மூடுகின்றன என்பதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. படித்த குடும்பத்தில் அப்பாவோ அத்தையோ சொல்லிவிடுவார்கள். முதல் தலைமுறையாகப் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு அதைப் பள்ளிதான் சொல்ல வேண்டும். பள்ளியோ, "இந்த குரூப்புலதான் இடம் இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிடுகிறது.

நேர் வழி

பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டுப் படிப்பு. 2021-ல் வந்த புதிய விதிமுறைப்படி எட்டு செமஸ்டர்களாக நடக்கிறது. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய மூன்றையும் படித்திருக்க வேண்டும். உயிரியலுக்குப் பதில் தாவரவியல், விலங்கியல் என்று தனித்தனியாகப் படித்திருந்தாலும் செல்லும். ஆங்கிலத்தில் தேர்ச்சி கட்டாயம். இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிப்படி அறிவியல் பாடங்களில் 45 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. ஆனால் அது விண்ணப்பிக்கத் தேவையான குறைந்தபட்சத் தகுதி மட்டுமே. அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்க அதைவிட மிக அதிகமாக எடுக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்தப் படிப்புக்கு நீட் மதிப்பெண் கேட்பதில்லை. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு கலந்தாய்வு நடத்துகிறது. பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு இட ஒதுக்கீடு உண்டு. அதற்குள் அருந்ததியர்க்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு. பழங்குடியினருக்கு 1 விழுக்காடு. மாணவர்களும் விண்ணப்பிக்கலாம், நர்சிங் பெண்களுக்கு மட்டுமான படிப்பு என்று நம் ஊர்களில் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே, செவிலியர் ஆக வேண்டும் என்று பத்தாம் வகுப்பில் நினைக்கும் பிள்ளை பிளஸ் ஒன்னில் கேட்க வேண்டியது உயிரியல் உள்ள அறிவியல் பிரிவு. உங்கள் பள்ளியில் அந்தப் பிரிவு இல்லையென்றால் டி.சி. வாங்கிக்கொண்டு அது இருக்கும் பள்ளிக்குப் போங்கள். பேருந்தில் பத்து கிலோமீட்டர் கூடுதலாகப் போவது சிரமம்தான். ஆனால் தவறான பிரிவில் இரண்டு ஆண்டுகளை முடித்துவிட்டு வந்து நிற்பது அதைவிடப் பெரிய சிரமம்.

சுற்று வழி

நேர் வழியைத் தவறவிட்டவர்களுக்கு எல்லாம் முடிந்துவிடவில்லை. அந்தப் பெண்ணிடமும் இதைத்தான் சொன்னேன்.

ஜி.என்.எம். என்று ஒரு பட்டயப் படிப்பு இருக்கிறது. மூன்று ஆண்டுகள். பிளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்திருந்தாலும், மொத்தத்தில் 40 விழுக்காடும் ஆங்கிலத்தில் 40 விழுக்காடும் இருந்தால் சேரலாம் என்கிறது கவுன்சில் விதி. அறிவியல் படித்திருந்தால் விரும்பத்தக்கது என்கிறதே தவிர, கட்டாயமாக்கவில்லை. 17 வயதிலிருந்து 35 வயது வரை சேரலாம். ஆனால் அரசுப் பயிற்சிப் பள்ளிகளுக்கான அறிவிக்கையில் தனியாக நிபந்தனைகள் இருக்கக்கூடும். அந்த ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டை முழுமையாகப் படித்துவிட்டே விண்ணப்பிக்க வேண்டும்.

ஜி.என்.எம். முடித்து மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்துவிட்டால், போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் என்ற இரண்டு ஆண்டுப் படிப்பில் சேரலாம். இங்கேதான் முன்பு படித்த படிப்பு கணக்கில் வருகிறது. பட்டயத்தில் படிக்கும் உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், உளவியல், சமுதாய நலச் செவிலியம் ஆகியவற்றை அடித்தளமாக வைத்தே அந்தப் பட்டப் படிப்பு அமைந்திருக்கிறது. மூன்றும் இரண்டும் ஐந்து. நேர் வழியில் போனவரைவிட ஒரே ஓர் ஆண்டுதான் கூடுதல். அதன் பிறகு ஓராண்டு பணி அனுபவத்தோடு எம்.எஸ்சி. நர்சிங்குக்கும் போகலாம், இரு வழியில் வந்தவர்களுக்கும் இந்த வாய்ப்பு உண்டு.

குடும்பச் சூழலால் ஜி.என்.எம். முடித்ததும் வேலைக்குப் போக வேண்டியவர்களுக்கும் வழி இருக்கிறது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், பணியில் இருக்கும் செவிலியர்களுக்காக இதே போஸ்ட் பேசிக் பட்டத்தை நடத்துகிறது. பதிவுக்குப் பிந்தைய இரண்டு ஆண்டு அனுபவம் வேண்டும். நுழைவுத் தேர்வு உண்டு.

இந்த வழியில் போகிறவர்கள் முதல் நாளிலிருந்தே திட்டமிட வேண்டும். பட்டயம்தானே என்று அரியர் வைக்கக் கூடாது. ஒவ்வோர் ஆண்டின் மதிப்பெண் பட்டியலையும் பத்திரப்படுத்த வேண்டும். படிப்பு முடிந்ததும் தள்ளிப்போடாமல் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். இன்னொன்று, ஆங்கிலம். தமிழ் வழியில் படித்த நம் பிள்ளைகள் வகுப்பறையில் முதலில் மிரள்வது பாடத்தைப் பார்த்து அல்ல, அது சொல்லப்படும் மொழியைப் பார்த்துத்தான். எலும்புகளின் பெயர், நோய்களின் பெயர், மருந்துகளின் பெயர் என்று தினமும் பத்துச் சொல்லை எழுதிப் பார்க்கும் பழக்கத்தை சேர்க்கைக்கு முன்பே தொடங்கிவிடுங்கள்.

மாடிப்படி ஏறும் முன்

இந்த இரண்டு வழியும் தெரியாத பிள்ளைகளைப் பிடிப்பதற்கென்றே சிலர் காத்திருக்கிறார்கள். பேருந்து நிலையத்தை ஒட்டிய கடைகளின் மாடியில் "ஓராண்டு நர்சிங் டிப்ளமோ, உடனடி வேலை" என்று பலகை தொங்கும். உதவியாளர், நோயாளி பராமரிப்பு, சுகாதாரப் பணியாளர் என்று பெயர்கள் மட்டும் மாறும். வெள்ளைச் சீருடை கொடுப்பார்கள். பட்டமளிப்பு விழாவும் நடத்துவார்கள். சான்றிதழை எடுத்துக்கொண்டு கவுன்சிலுக்குப் போனால் பதிவு கிடையாது. பதிவு இல்லாதவர் சட்டப்படி செவிலியர் அல்லர். அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. போஸ்ட் பேசிக் பட்டத்திலும் சேர முடியாது. தனியார் மருத்துவமனையில் செவிலியர் செய்யும் வேலையை எல்லாம் செய்துவிட்டு, உதவியாளர் சம்பளம் வாங்கிக்கொண்டு காலம் தள்ள வேண்டியதுதான். அப்படி நிற்கும் நம் பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எந்த நிறுவனத்துக்குப் போனாலும் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "படித்து முடித்தால் தமிழ்நாடு செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் கவுன்சிலில் எனக்குப் பதிவு எண் கிடைக்குமா?" பதிலை எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் படி இறங்கிவிடுங்கள். பட்டப் படிப்பு என்றால் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

பணமும் காகிதமும்

பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகை நம் உரிமை. 2021-லிருந்து இதில் ஒன்றிய அரசின் 60 விழுக்காட்டுப் பங்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கே நேரடியாக வருகிறது. எனவே கணக்கு மாணவரின் பெயரில் இருக்க வேண்டும், ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். பட்டயப் படிப்புக்கும் இது உண்டு. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றையும் பிளஸ் டூ தேர்வுக்கு முன்பே இ-சேவை மையத்தில் வாங்கி வைத்துவிடுங்கள். கலந்தாய்வுக்கு முதல் நாள் தாலுகா அலுவலகத்தில் நின்று அழுத குடும்பங்கள் நமக்குத் தெரியும்.

ஏற்கெனவே கல்லூரியில் இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. புதிய இடம் உறுதியாகும் வரை இருக்கும் இடத்திலிருந்து டி.சி. வாங்காதீர்கள். உதவித்தொகை பெற்றுக்கொண்டிருந்தால், படிப்பை மாற்றும் முன் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

அரசு செய்ய வேண்டியது

மருத்துவமனையைக் கூட்டுவதும், மலம் சிறுநீர் அள்ளுவதும், பிணவறையில் நிற்பதும் நமக்கென்று எந்தச் சட்டமும் ஒதுக்கவில்லை. ஆனாலும் அந்த வேலைகளில் யார் இருக்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். 1897-ல் பூனா பகுதியில் பிளேக் பரவியபோது, பிறர் தொட அஞ்சிய நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து, அதே நோய்க்கு உயிரைக் கொடுத்தவர் சாவித்திரிபாய் பூலே. நோயுற்ற உடலைத் தொடுவதை அவர் இழிவாக நினைக்கவில்லை. நம் தாய்மார்களும் நினைக்கவில்லை; தலைமுறை தலைமுறையாக அதைத்தான் செய்கிறார்கள். அதே வார்டில் அதே நோயாளியைத் தொடுகிற இன்னொரு வேலைக்குப் படிப்பும் பதிவும் சம்பளமும் மரியாதையும் இருக்கின்றன. அந்த வேலைக்குப் போகும் பாதை மட்டும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லப்படாமல் இருப்பதைத் தற்செயல் என்று விட்டுவிட முடியாது.

எனவே சில கோரிக்கைகள். ஆதிதிராவிடர் நல மேல்நிலைப் பள்ளிகள் அனைத்திலும் உயிரியல் உள்ள அறிவியல் பிரிவு இருக்க வேண்டும். அதற்கான ஆசிரியரும் ஆய்வகமும் பெயரளவில் இல்லாமல் உண்மையாக இருக்க வேண்டும். தொழிற்கல்விச் செவிலியப் பிரிவில் சேர்க்கும்போதே, இதைப் படித்தால் எதற்குப் போகலாம், எதற்குப் போக முடியாது என்பதைப் பெற்றோருக்கு எழுத்தில் தர வேண்டும். மாவட்டத்தில் உள்ள அங்கீகாரம் பெற்ற செவிலியர் பயிற்சி நிறுவனங்களின் பட்டியலை ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் ஊராட்சி அலுவலகங்களிலும் மாணவர் விடுதிகளிலும் ஒட்ட வேண்டும். அங்கீகாரம் இல்லாதவற்றின் மீது ஆட்சியர் நடவடிக்கை எடுக்க வேண்டும். இவை எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை.

அரசு செய்யும் வரை நாம் காத்திருக்கவும் வேண்டாம். நம் காலனிகளில் ஒரு செவிலியராவது இருப்பார். படிப்பகத்திலோ கோயில் திண்ணையிலோ தேவாலய வாசலிலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை உட்காரவைத்து, பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளைக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் போதும்.

அந்தப் பெண் ஜி.என்.எம். அறிவிக்கைக்காகக் காத்திருக்கிறாள். அதுவரை கல்லூரிக்கும் போய்க்கொண்டிருக்கிறாள். போன ஞாயிறன்று அவள் தங்கையையும் அழைத்து வந்திருந்தாள். தங்கை இந்த ஆண்டுதான் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள். பக்கத்து ஊர்ப் பள்ளியில் உயிரியல் பிரிவில் சேர்த்தாயிற்று என்று அவளே முந்திக்கொண்டு சொன்னாள்.