வண்டியின் பூர்வோத்தரம்

2024 டிசம்பரில் ஒரு நாள், லண்டனில் மளிகைக் கடை வைத்திருக்கும் நமது யாழ்ப்பாணத்து நண்பர் டெலிபோனில் கூப்பிட்டு, "அண்ணை, வான் ஒண்டு வாங்கப் போறன்" என்றார். நாம் ஒரு கணம் அண்ணாந்து பார்த்தோம். வானத்தையே விலை பேசும் அளவுக்குக் கடையில் வியாபாரம் முற்றிவிட்டதா என்று திகைப்பு! பிறகுதான் விளங்கிற்று. நாம் வேன் என்று சொல்வதை இலங்கைத் தமிழர்கள் வான் என்பார்கள். விடியற்காலையில் மொத்தச் சந்தையிலிருந்து காய்கறி ஏற்றி வருவதற்கு ஒரு டீசல் வண்டி. புதிதன்று, கை மாறியது. விலை 7,000 ஸ்டெர்லிங் பவுன்.

அந்தத் தம்பதிகள் மூன்று வருஷமாக மிச்சம் பிடித்த தொகை அது. வண்டி படுத்துக்கொண்டால் கடையும் படுத்துக்கொள்ளும். பிரேக் பிடிக்காமற் போனாலோ, நஷ்டக் கணக்குப் பார்ப்பதற்கே ஆள் இராது. இதையெல்லாம் நாம் பக்குவமாக எடுத்துச் சொன்னோம். நண்பர் அசையவில்லை. "வடிவான வான், அண்ணை. எம்.ஓ.டி.யும் பதினொரு மாதம் கிடக்கு. பிறகென்ன?" என்றார்.

எம்.ஓ.டி. என்பது பிரிட்டனில் மோட்டார் வண்டிகளுக்கு ஏற்பட்டுள்ள வருஷாந்தரப் பரீட்சை. போக்குவரத்து மந்திரி இலாகாவின் ஆங்கிலப் பெயரிலுள்ள முதல் எழுத்துக்கள் அவை. இலாகாவின் பெயர் பிற்பாடு மாறிவிட்டது; பரீட்சையின் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு விட்டது. 1960-ல் இதை ஆரம்பித்தபோது பத்து வயது நிரம்பிய வண்டிகளைத்தான் சோதித்தார்கள். 1961-ல் அதை ஏழு வயதாகக் குறைத்து, 1967-ல் மூன்றாக்கினார்கள். அது முதல், மூன்று வயதான வண்டி வருஷந்தோறும் பரீட்சைக்குப் போயாக வேண்டும். பிரேக், விளக்கு, டயர், ஸ்டியரிங், அடித்தகடு, புகை எல்லாவற்றையும் பார்ப்பார்கள்.

ஆனால், எதைப் பார்க்க மாட்டார்கள் என்பதை வாங்குகிறவர் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். எஞ்சினின் நிலைமை, கிளட்ச், கியர் பெட்டி இவை பரீட்சையில் சேர்ந்தவையல்ல. தேறிய வண்டி தேறிய அன்றைக்குச் சரியாயிருந்தது என்பதற்கு மேல் அந்தச் சீட்டுக்கு அர்த்தம் இல்லை. பதினொரு மாதம் பாக்கி இருக்கிறது என்றால், பதினொரு மாதம் ஓடும் என்று யாரும் ஜாமீன் கொடுக்கவில்லை!

சீட்டைவிடப் பன்மடங்கு உபயோகமான பொருள் ஒன்று உண்டு. இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து மூன்றிலும் 2005 முதல் நடந்த பரீட்சைகளின் முடிவுகளைச் சர்க்காரின் இணையத் தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வண்டியின் நம்பர் மட்டும் போதும், காலணா செலவில்லை. எந்தத் தேதியில் தேறியது, எந்தத் தேதியில் தவறியது, எதனால் தவறியது, அன்று மீட்டர் காட்டிய மைல் எவ்வளவு என்பதெல்லாம் வரிசையாக இருக்கும். லாக் புக்கிலுள்ள நம்பரையும் கொடுத்தால் எந்தப் பட்டறையில் சோதித்தார்கள் என்பதும் தெரியும். நம் ஊரில் கல்யாணத்துக்கு முன்னால் பார்க்கிற ஜாதகம் இனி நடக்கப் போவதைச் சொல்லும் என்கிறார்கள். இந்த ஜாதகம் நடந்து முடிந்ததைச் சொல்கிறது. நமக்கென்னவோ இதிலேதான் நம்பிக்கை அதிகம்.

நண்பர் இதைப் பார்த்திருந்தார். 'தேறியது' என்று கடைசியில் இருந்த ஒரு வரியைப் பார்த்திருந்தார்! முழுவதையும் படித்தது அவருடைய மனைவிதான். கடைக் கணக்கெழுதும் கை அல்லவா? 2016 கடைசியில் பதிவான அந்த வண்டியின் மைல் கணக்கு 2019-ல் 58,000, 2020-ல் 77,000, 2021-ல் 96,000, 2022-ல் 1,18,000, 2023-ல் 71,000, 2024-ல் 79,000.

"இஞ்சாருங்கோ, இந்த வான் ஒரு வருஷம் முழுக்கப் பின்னுக்கே ஓடினதோ?" என்று கேட்டாராம் அந்த அம்மாள்.

இந்த இடத்தில் சற்று நிதானம் வேண்டும். பரீட்சை செய்கிறவரும் மனிதர்தானே? 69,000 என்பதை 96,000 என்று பதிந்துவிடுவது உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்த வண்டியானால் கிலோமீட்டரும் மைலும் குழம்பிப் போவதும் உண்டு. ஒரே ஒரு வருஷக் கணக்கு மட்டும் தனியே துள்ளி நின்று, மறு வருஷம் பழைய வரிசைக்கே திரும்பினால் அது பெரும்பாலும் கைப்பிசகு. மேற்படி வண்டியிலோ கணக்கு இறங்கியது இறங்கியதுதான். மறு வருஷமும் இறங்கிய இடத்திலிருந்தே மேலே போயிருக்கிறது. விற்பவரைக் கேட்டதற்கு, மீட்டர் பழுதாகிப் புதிது போட்டதாகச் சொன்னார். அப்படியும் நடக்கக் கூடியதே. போட்ட பட்டறையின் ரசீதைக் காட்டுங்கள் என்று அந்த அம்மாள் கேட்டார். அதற்குப் பிறகு அவர் டெலிபோனை எடுக்கவேயில்லை.

மறு வாரம் இன்னும் மூன்று வண்டிகளின் சரித்திரத்தை அனுப்பி, நம் அபிப்பிராயத்தைக் கேட்டார்கள். நாம் கைவண்டி ஓட்டக்கூட லாயக்கில்லாதவர்கள்; ஆனாலும் அபிப்பிராயத்துக்கு நம்மிடம் பஞ்சமில்லை.

டீசல் வண்டியில் முதலில் தேட வேண்டியது புகை. புகையிலுள்ள கரித்தூளைப் பிடித்து வைக்க ஒரு வடிகட்டி இருக்கிறது. வண்டி நெடுந்தூரம் சூடேறி ஓடினால் சேர்ந்த கரியை அதுவே எரித்துவிடும். தெருவுக்குத் தெரு நின்று சாமான் இறக்கும் வண்டியில் அந்தச் சூடு ஏறாமல் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். புதிது போட நிறையச் செலவாகும் என்பதால் சிலர் அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டினார்கள். 2014 பிப்ரவரி முதல், இருக்க வேண்டிய வடிகட்டி இல்லாத வண்டியைத் தவறவிட்டார்கள். 2018 மே 20 முதல் இன்னும் கண்டிப்பு: வடிகட்டியுள்ள வண்டியில் எந்த நிறத்தில் புகை தெரிந்தாலும் தோல்வி. மூன்றில் ஒரு வண்டி புகையினால் இரண்டு தடவை தவறியிருந்தது. அதைத் தள்ளிவிட்டோம்.

அடுத்தது துரு. குளிர்காலத்தில் பனி உறையாமலிருக்க அந்நாட்டுச் சாலைகளில் உப்புத் தூவுவார்கள். உப்பிட்டவரை மறக்கக் கூடாது என்பது நம்மவர் வழக்கு. வண்டியின் அடித்தகடும் உப்பை மறப்பதேயில்லை. இரண்டாவது வண்டியின் சரித்திரத்தில் 'பிரேக் குழாயில் லேசான துரு' என்று நான்கு வருஷம் தொடர்ந்து எச்சரிக்கைக் குறிப்பு இருந்தது. அந்த வண்டி ஒரு தடவைகூடத் தோற்றதில்லை. நண்பருக்கு அதன் மேல் ஆசை. நமக்கோ, நான்கு வருஷம் ஒரே எச்சரிக்கையைப் படித்துவிட்டுச் சும்மா இருந்த மனிதர் எண்ணெய் மாற்றுவதில் மட்டும் சிரத்தை காட்டியிருப்பார் என்று தோன்றவில்லை.

மூன்றாவது வண்டி இரண்டு தடவை தோற்றது. ஒரு தடவை டயர், ஒரு தடவை ஸ்பிரிங். இரண்டு தடவையும் இரண்டு நாளுக்குள் சரிசெய்து தேறியிருக்கிறது. அந்தக் குறை மறுபடி தலைகாட்டவில்லை. மைல் கணக்கு வருஷம் 14,000 வீதம் ஒழுங்காக ஏறியிருந்தது. நடுவில் ஏழு மாத இடைவெளி ஒன்று நண்பரைப் பயமுறுத்திற்று. அது 2020-ம் வருஷம். தொற்று நோயை முன்னிட்டு அவ்வருஷம் மார்ச் 30 முதல் பரீட்சைக்கு ஆறு மாத விலக்கு அளித்திருந்தார்கள், பயப்பட ஒன்றுமில்லை.

சரித்திரத்தில் அகப்படாத விஷயங்களும் உண்டு. பழைய சொந்தக்காரர் வண்டியின் பேரில் கடன் வைத்திருந்தால் அது இதில் தெரியாது. கட்டணம் வாங்கிக்கொண்டு விசாரித்துச் சொல்லும் கம்பெனிகளிடம் போக வேண்டும். லண்டனில் மற்றொரு தொல்லை, புகைக் கட்டுப்பாட்டு எல்லை. 2023 ஆகஸ்ட் 29 அன்று அதை நகரின் எல்லாப் பேட்டைகளுக்கும் விஸ்தரித்தார்கள். 'யூரோ 6' தரத்துக்கு உட்படாத டீசல் வேனுக்கு அப்போது கட்டணம் நாளொன்றுக்கு 12.50 பவுன். வருஷத்தில் 300 நாள் ஓட்டினால் 3,750 பவுன். இரண்டு வருஷத்தில் வண்டியின் விலையே போய்விடும். எம்.ஓ.டி.யில் தேறிய வண்டிக்கும் இந்த வரி உண்டு. மூன்றாவது வண்டியின் நம்பரைப் போட்டுப் பார்த்ததில் கட்டணம் இல்லை என்று வந்தது.

பிறகு தெரிந்த மெக்கானிக் ஒருவரை அழைத்துப்போய், எஞ்சின் ஆறியிருக்கும்போது முடுக்கச் சொல்லிக் கேட்டார்கள். கிளட்ச் தேய்ந்திருக்கிறது என்றார் அவர். அதைக் காட்டி 400 பவுன் குறைத்துப் பேசியதும் அந்த அம்மாள்தான். வண்டி பார்வைக்கு அவலட்சணம், ஒரு பக்கக் கதவு நிறம் வேறு என்று நண்பர் இன்னும் குறைப்பட்டுக்கொள்கிறார். விடியற்காலை நான்கு மணிக்குச் சந்தையில் அதை யார் பார்க்கிறார்கள் என்கிறார் மனைவி.