நிலம் தராத விடுதலை

கல்லூரியில் வரலாறு படிக்கும் நம் பிள்ளைகள் பலருக்கு அமெரிக்க வரலாறு என்று ஒரு தாள் உண்டு. 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர், ஆபிரகாம் லிங்கன், அடிமை ஒழிப்பு. அடுத்து ரயில், எஃகு, மோட்டார் கார். பிறகு இரண்டு உலகப் போர்கள், வல்லரசு. தேர்வுக்கு இந்த வரிசை போதும். தேர்வு முடிந்ததும் மறந்தும் போகும். கடையநல்லூரிலும் சங்கரன்கோவிலிலும் சேரியிலிருந்து படிக்கப் போகிற பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு.

நமக்குத்தான் அது வேண்டும் என்கிறோம். ஆனால் அந்த வரிசைக்கு நடுவே ஒரு கேள்வியைச் சேர்த்துப் படிக்க வேண்டும். விடுதலை பெற்றவர்களுக்கு நிலம் கிடைத்ததா? இந்தக் கேள்வியோடு படித்தால் அமெரிக்காவின் கதை நம் ஊர்க் கதையாகவே தெரியும்.

கரிசல் வரை வந்த போர்

போருக்கு முன் பிரிட்டனின் ஆலைகளுக்குப் போன பருத்தியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு அமெரிக்காவின் தென் மாநிலங்களில் விளைந்தது. அதை விளைவித்தவர்கள் கறுப்பின அடிமைகள். 1860 கணக்குப்படி அவர்கள் சுமார் 40 லட்சம் பேர். அன்றைய அமெரிக்காவின் முதல் பெரிய ஏற்றுமதிச் சரக்கு அந்தப் பருத்திதான். பின்னாளில் எழுந்த தொழில் வளர்ச்சிக்கு அந்தக் கைகளின் உழைப்பும் முதலாக நின்றது.

போர் வந்ததும் வடக்கின் கப்பற்படை தெற்கின் துறைமுகங்களை முற்றுகையிட்டது. பருத்தி நின்றது. லங்காஷயர் ஆலைகள் மூடின. வியாபாரிகளின் கண் இந்தியா பக்கம் திரும்பியது. திருநெல்வேலிப் பருத்திக்கு இங்கிலாந்துச் சந்தையில் முன்பே பெயர் இருந்தது. சங்கரன்கோவில், கோவில்பட்டிக் கரிசலில் விளைந்த பருத்தி தூத்துக்குடிக்குப் போய்க் கப்பலேறியது. விலை மளமளவென்று ஏறியது. 1865இல் போர் முடிந்ததும் அந்த விலை விழுந்தது.

விலை ஏறியபோது லாபம் நிலம் வைத்திருந்தவருக்கும், முன்பணம் கொடுத்தவருக்கும், கப்பலேற்றிய வியாபாரிக்கும் போனது. காட்டில் குனிந்து பருத்தி எடுத்தவருக்குக் கூலிதான். மிசிசிப்பியில் எடுத்த கைக்கும் கரிசலில் எடுத்த கைக்கும் ஒன்றையொன்று தெரியாது. இரண்டுக்கும் காலடியில் இருந்த மண் மட்டும் சொந்தமில்லை.

நம் மாவட்டத்தில் அடிமை முறை

அடிமை முறை அமெரிக்காவில் மட்டும் இருந்ததாக நினைக்க வேண்டாம். இன்றைய தென்காசி மாவட்டத்துக்குள்ளேயே அதற்கு இரண்டு சட்ட வரலாறுகள் உண்டு. தென்காசியும் சங்கரன்கோவிலும் ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தவை. அங்கே 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் வந்தது. ஒருவரை அடிமை என்று சொல்லி எந்த நீதிமன்றத்திலும் உரிமை கோர முடியாது என்றது அது. ஆள் வாங்குவதும் விற்பதும் குற்றம் என்று இந்திய தண்டனைச் சட்டம் சொல்லி, அது நடைமுறைக்கு வந்தது 1862 ஜனவரி 1 அன்று. அமெரிக்காவில் போர் உச்சத்தில் இருந்த நேரம் அது.

செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பகுதி. அங்கே அடிமை முறை 1855இல் அரச விளம்பரத்தால் ஒழிக்கப்பட்டது. அமெரிக்காவில் 13ஆவது சட்டத்திருத்தம் வந்தது 1865இல். ஆக, ஏறத்தாழ ஒரே இருபது ஆண்டுகளுக்குள் தென்காசியிலும் செங்கோட்டையிலும் மிசிசிப்பியிலும் அடிமைகள் காகிதத்தில் விடுதலை பெற்றார்கள். மூன்று இடத்திலும் மறுநாள் காலையில் அவர்கள் போய் நின்றது அதே ஆண்டையின் வயலில்தான். வேறு எங்கே போவார்கள்? நிலம் அவரிடம், விதை அவரிடம், குடியிருக்கும் மனையும் அவருடையது. அடிமை என்ற பெயர் போய்ப் பண்ணையாள், படியாள் என்ற பெயர் வந்தது.

ஈட்டுத்தொகை யாருக்குக் கொடுத்தார்கள் என்பதையும் பாருங்கள். பிரிட்டன் தன் காலனிகளில் 1833இல் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டபோது இரண்டு கோடி பவுன் ஒதுக்கியது. அது அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு! 1862இல் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் அடிமைகளை விடுவித்தபோதும் ஓர் ஆளுக்கு 300 டாலர் வரை என்று முதலாளிக்குத்தான் கொடுத்தார்கள். உழைத்தவருக்கு ஒன்றுமில்லை.

நாற்பது ஏக்கரும் பஞ்சமி நிலமும்

நிலம் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் யாருக்குமே வராமல் இல்லை. 1865 ஜனவரி 16 அன்று வடக்குப் படைத்தளபதி ஷெர்மன் ஓர் ஆணை போட்டார். தெற்கின் கடலோரத்தில் முதலாளிகள் விட்டுவிட்டு ஓடிய நிலத்தைக் குடும்பத்துக்கு 40 ஏக்கருக்கு மேற்படாமல் விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்குப் பிரித்துக் கொடுக்கச் சொன்னது அந்த ஆணை. சில மாதங்களில் சுமார் 40 ஆயிரம் பேர் ஏறத்தாழ 4 லட்சம் ஏக்கரில் குடியேறி உழத் தொடங்கினார்கள். ஏப்ரலில் லிங்கன் கொல்லப்பட்டார். அடுத்து வந்த ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன், அதே ஆண்டு முடிவதற்குள் அந்த நிலத்தைப் பழைய முதலாளிகளுக்கே திருப்பிக் கொடுக்க உத்தரவிட்டார். உழுதவர்கள் மறுபடியும் வாரத்துக்கு உழும் கூலிகளானார்கள். விதைக்கும் சோற்றுக்கும் கடன், அறுவடையில் கடன் கழிவு, அடுத்த ஆண்டும் கடன். இந்தக் கணக்கை நம் பாட்டன்மாருக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

நம் பக்கம் 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் ஓர் அறிக்கை எழுதினார். பறையர் மக்களின் வறுமைக்கு நிலமின்மையே வேர் என்றது அந்த அறிக்கை. அதன்பேரில் 1892இல் சென்னை மாகாண அரசு ஆணை பிறப்பித்தது. அப்படி ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்டதைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம். பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. பத்தாண்டுகளுக்கு யாருக்கும் விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. மீறி நடந்த கிரயம் செல்லாது.

அந்த நிலத்தில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்பது ஊரறிந்தது. சில மூட்டை நெல்லுக்கும், கல்யாணக் கடனுக்கும், வைத்தியச் செலவுக்கும் கைநாட்டு வாங்கி எழுதிக்கொண்டார்கள். கேட்டவர்களுக்குக் கிடைத்தது குண்டு. 1994 அக்டோபர் 10 அன்று, காரணை பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டத்தில் செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள்.

தென்காசி மாவட்டத்தில் இன்னும் ஒரு சிக்கல் உண்டு. செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்ததால் சென்னை மாகாண ஆணை அங்கே எட்டவில்லை. சிவகிரி, ஊத்துமலை போன்ற ஜமீன்களின் நிலம் அரசின் கையில் இல்லை. 1948 சட்டப்படி ஜமீன் ஒழிந்தபோது, ஏற்கெனவே சாகுபடி உரிமை வைத்திருந்தவருக்குப் பட்டா கிடைத்தது. அந்த நிலத்தில் கூலிக்கு உழுதவர் கணக்கில் வரவில்லை.

குற்றாலத்தில் சாரல் அடிக்கும் மாதங்களில் அருவிக்குக் கீழே நிற்கிறவரை யாரும் சாதி கேட்பதில்லை. அதே தண்ணீர் சிற்றாறாக இறங்கிக் கால்வாயிலும் குளத்திலும் ஏறி வயலுக்கு வந்ததும் கேள்வி பிறக்கிறது. யார் வயல்? எந்த மடை? நடவுக்கு இறங்கும் நம் பெண்களில் எத்தனை பேருக்கு அந்த வயலில் ஒரு சென்ட் உண்டு?

தொழில் வளர்ந்தது, கோடு அழியவில்லை

1869இல் அமெரிக்காவின் இரு கடற்கரைகளையும் ரயில் இணைத்தது. எஃகும் எண்ணெயும் பெருகின. 1898இல் ஸ்பெயினை வென்று பிலிப்பைன்ஸ் வரை கொடி நாட்டியது அந்த நாடு. அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 1896இல், வெள்ளையருக்கு ஒரு பெட்டி, கறுப்பருக்கு வேறு பெட்டி என்று ரயிலில் பிரிப்பது சட்டப்படி சரியே என்று அதன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. உலகத்தைப் பிடிக்கப் புறப்பட்ட நாடு தன் ரயில் பெட்டியில் தீண்டாமையை வைத்துக்கொண்டது.

ஊரில் நிலமும் இல்லை, மானமும் இல்லை என்றானபோது கறுப்பின மக்கள் புறப்பட்டார்கள். முதல் உலகப் போர்க் காலம் தொடங்கி 1970 வரை சுமார் 60 லட்சம் பேர் தெற்கை விட்டுச் சிகாகோவுக்கும் டெட்ராய்ட்டுக்கும் நியூயார்க்குக்கும் போனார்கள். நம் பிள்ளைகள் திருப்பூருக்கும், சென்னைக்கும், புளியரை தாண்டிக் கேரளத்துக்கும் போவது போலத்தான். ஆலைக்கூலி ஓரளவு தலைநிமிர வைத்தது. ஆனால் போன இடத்திலும் குடியிருக்க வீடு தனித் தெருவில்தான் கிடைத்தது.

1870இல் சட்டம் கொடுத்த வாக்குரிமையைத் தேர்வு வைத்தும் வரி போட்டும் அடித்துத் துரத்தியும் பறித்தார்கள். 1965இல்தான் அதை உறுதி செய்யும் சட்டம் வந்தது. இங்கே 1996இல் ஊராட்சித் தலைவர் பதவியில் இடஒதுக்கீடு நடைமுறைக்கு வந்தது. மேலவளவு முருகேசன் 1997இல் கொல்லப்பட்டார். நம் குருவிகுளம் பக்கத்து நக்கலமுத்தன்பட்டி ஊராட்சித் தலைவர் ஜக்கையன் 2006இல் கொல்லப்பட்டார். நாற்காலி ஒதுக்கினால் போதாது, அதில் உட்கார விட வேண்டும்.

1960 பிப்ரவரி 1 அன்று அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோ ஊரில் நான்கு கறுப்பின மாணவர்கள், வெள்ளையருக்கு மட்டும் உணவு தரும் கடையில் போய் உட்கார்ந்தார்கள். கொடுக்க மறுத்தும் எழுந்து போகவில்லை. மறுநாளும் வந்தார்கள். ஜூலையில் அந்தக் கடை பணிந்தது. 2022 செப்டம்பரில் நம் சங்கரன்கோவில் பக்கத்துப் பாஞ்சாகுளத்தில், பள்ளிக்குப் போகிற நம் குழந்தைகளுக்கு ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லிப் பெட்டிக்கடையில் மிட்டாய் மறுக்கப்பட்டது. இரண்டுக்கும் நடுவே 62 ஆண்டுகள்! அந்த வழக்கில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஊருக்குள் நுழைய நீதிமன்றம் தடை விதித்தது. சட்டத்தை எடுத்துப் பயன்படுத்தினால் அது வேலை செய்யும் என்பதற்கு நம் மாவட்டமே சாட்சி.

உலகம் பார்க்க வேண்டும்

இந்த இரண்டு வரலாறுகளையும் சேர்த்துப் படிக்க நமக்கு முன்னோர் வழிகாட்டியிருக்கிறார்கள். மகாத்மா ஜோதிராவ் புலே 1873இல் எழுதிய ‘குலாம்கிரி’ நூலை, அடிமைகளை விடுவித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். பாபாசாகேப் அம்பேத்கர் 1913இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1946இல் கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐ.நா. சபைக்கு அளித்த மனுவின் படி வேண்டும், நம் மக்களும் அதே வழியில் போக நினைக்கிறோம் என்று கேட்டார். டுபாய்ஸ் பரிவோடு பதில் எழுதினார். 1959இல் இந்தியா வந்த மார்ட்டின் லூதர் கிங்கைத் திருவனந்தபுரத்தில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் படிக்கும் பள்ளியில், அமெரிக்காவிலிருந்து வந்த தீண்டப்படாதவர் என்று தலைமையாசிரியர் அறிமுகம் செய்தாராம். முதலில் திகைத்ததையும், யோசித்துப் பார்த்து அது உண்மை என்று ஏற்றதையும் கிங்கே பின்னர் சொன்னார்.

வல்லரசான பிறகு அமெரிக்காவுக்கு ஒரு சங்கடம் வந்தது. உலகத்துக்கு ஜனநாயகம் பேசும் நாட்டில் பள்ளிக்கூடம் தோல் நிறம் பார்த்துப் பிரிந்திருக்கிறதே என்று மற்ற நாடுகள் கேட்டன. 1954இல் பள்ளிகளில் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க, கறுப்பின மக்களின் போராட்டத்தோடு அந்த வெட்கமும் ஒரு காரணம். இன்று இந்தியாவும் வல்லரசாகப் போவதாகச் சொல்கிறோம். நல்லது. அப்படியானால் பாஞ்சாகுளத்துப் பெட்டிக்கடையையும் உலகம் பார்க்கும்.

நாம் கேட்பது

நம் கோரிக்கை நீளமானதல்ல. தென்காசி மாவட்டத்தில் கிராமவாரியாகப் பஞ்சமி நிலம் எவ்வளவு, எந்தப் புல எண், இன்று யார் அனுபவத்தில் இருக்கிறது என்ற பட்டியலை மாவட்ட நிர்வாகம் வெளியிட வேண்டும். நிபந்தனை மீறிய பட்டாக்களை ரத்து செய்து உரியவரிடம் சேர்க்க வேண்டும். பழைய ஜமீன் ஊர்களிலும் செங்கோட்டையிலும் பஞ்சமி என்று ஒன்று இல்லாததால், அங்கே நிலமற்ற குடும்பங்களுக்கு அரசு புறம்போக்கிலும் உச்சவரம்பு உபரியிலும் முதலிடம் தர வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. 1980களில் நடந்த யு.டி.ஆர். அளவைக்கு முந்தைய நிலப் பதிவேட்டையும் இன்றைய அ-பதிவேட்டையும் உங்கள் ஊருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்தப் புல எண்ணில் பெயர் மாறியிருக்கிறது என்று குறித்து, வீட்டுப் பெரியவர்களிடம் விசாரியுங்கள். அமெரிக்க வரலாற்றுத் தாளில் எத்தனை மதிப்பெண் வாங்கினாலும், அந்த இரண்டு பதிவேடுகளுக்கும் நடுவே இருக்கிற வரலாற்றை நமக்காக எழுதப்போவது நாம்தான்.