பொனற்றைத் திறப்பதற்கு முதல்

கார் எஞ்சினில் புதுசாக ஒரு சத்தம் கேட்டால் எங்கட வீடுகளில் உடனே இரண்டு கட்சி உருவாகும். "இதுக்கெல்லாம் கராஜுக்குப் போறதே? யூரியூப்பில பாத்து நாங்களே செய்யலாம்" என்பது ஒரு கட்சி. "தெரியாத வேலையில கை வைக்காதை, கொண்டுபோய்க் குடு" என்பது மற்றக் கட்சி. முதல் கட்சிக்குக் காசு மிச்சம் பிடிப்பது வீரம். இரண்டாம் கட்சிக்குக் கையில் ஒயில் படாமல் இருப்பது கௌரவம். எனக்கு இரண்டு கட்சியிலும் உடன்பாடு இல்லை. பொனற்றைத் திறப்பதற்கு முதல் கேட்க வேண்டிய கேள்வியை இரண்டு பேரும் கேட்பதில்லை என்பதுதான் காரணம்: இந்த வேலை பிழைத்தால் என்ன நடக்கும்?

இது பொழுதுபோக்குக் கேள்வி இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனிப்பட்ட பாவனைக்கான வாகனங்களுக்கு அது திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் 2022 வந்தது. 200 ரூபாவில் நின்ற டொலர் 360 வரை ஏறியது. பிளக்கில் இருந்து பெயாரிங் வரை வெளியில் இருந்து வரும் நாட்டில், உதிரிப்பாகக் கடையின் விலை ஒரே வருடத்தில் வேறு விலையானது. ஐந்து வருடம் இருக்கிற வாகனத்தையே இழுத்துப் பிடித்து ஓடினோம். இறக்குமதி திறந்த பிறகும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் புது வாகனம் எங்களைப் போன்ற வீடுகளுக்கு எட்டாது. எங்கட வீட்டில் நிற்பது ஒரு பழைய ஆல்ட்டோ. அப்பா அதில்தான் ஹயர் ஓடுகிறார். அது இரண்டு நாள் கராஜில் நின்றால் கராஜ் பில்லோடு இரண்டு நாள் உழைப்பும் போய்விடும். ஆகவே "நாங்களே செய்வமா, குடுப்பமா" என்பது எங்களுக்குச் சாப்பாட்டுக் கணக்கு.

நான் வைத்திருக்கும் அளவுகோல் மூன்று கேள்விதான். பிழைத்தால் திருப்பிச் சரிசெய்யலாமா? பிழை முற்றத்தில் நிற்கும்போதே தெரியுமா, இல்லை ஓடும் றோட்டில்தான் தெரியவருமா? இந்த வேலைக்கு அளந்து பார்க்க வேண்டுமா, அந்த அளவுகருவி எங்களிடம் இருக்கிறதா?

இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் நிறைய வேலை எங்கட கைக்கு வரும். எயார் பில்டரைக் கழற்றித் தட்டிப் போடலாம், மாற்றலாம். பற்றறி முனையில் பூத்த வெள்ளைப் பூவைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவலாம். பிளக் மாற்றலாம், ஆனால் எஞ்சின் ஆறிய பிறகு, முதலில் கையாலேயே திரித்துக்கொண்டு போய், கடைசியில்தான் ஸ்பனர் பிடிக்க வேண்டும். சிலிண்டர் ஹெட் அலுமினியம். பிளக்கைச் சரித்துவைத்து இறுக்கினால் மரை போய்விடும், பிறகு ஐந்நூறு ரூபா வேலை ஐம்பதாயிரத்தில் முடியும். எஞ்சின் ஒயிலும் வீட்டில் மாற்றலாம். ஜக்கை மட்டும் நம்பி வாகனத்துக்குக் கீழே போகக்கூடாது, ஸ்ராண்ட் வேணும். எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேற்றர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே இருப்பது அமுக்கத்தில் நிற்கும் தண்ணீர். அது 100 பாகை தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடி திறந்த கணமே கொதித்து முகத்துக்கு வரும்.

பழைய ஒயிலை என்ன செய்வது என்று யூரியூப் வீடியோக்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. யாழ்ப்பாணத்தில் அது பெரிய கேள்வி. எங்களுக்கு வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கி நிற்கும் மழைத்தண்ணீரைத்தான் கிணற்றில் அள்ளிக் குடிக்கிறோம். கிணற்றில் எண்ணெய் கலந்தால் என்ன நடக்கும் என்று சுன்னாகத்து ஆட்களைக் கேட்டால் சொல்லுவினம். வேலிக்கரையில் பழைய ஒயிலை ஊற்றி மிச்சம் பிடிக்கும் காசு பக்கத்து வீட்டுக் கிணற்றின் செலவில் வருகிறது. கானில் சேர்த்து, பழைய ஒயில் எடுக்கிற கராஜில் கொண்டுபோய்க் குடுக்க ஏலாது எண்டால், ஒயில் மாற்றுகிற வேலையையும் அங்கேயே விடுவதுதான் நியாயம்.

இனி மறுபக்கம். ஒயில் குச்சியை இழுத்துப் பார்க்கும்போது ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில் இருக்கிறது, சைலன்சரில் வெள்ளைப் புகை விடாமல் வருகிறது, ஒழுக்கு ஒன்றும் இல்லாமலே கூலன்ற் குறைகிறது. இப்படி எண்டால் ஹெட் கேஸ்கற் போயிருக்கலாம். கேஸ்கற்றின் விலையைப் பார்த்தால் "இவ்வளவுதானே" என்று தோன்றும். ஆனால் கேஸ்கற் போனது ஏன் என்ற கேள்வி அதற்குக் கீழே இருக்கிறது. சூடேறிய அலுமினிய ஹெட் வளைந்திருக்கலாம். பல எஞ்சின்களில் அந்த வளைவுக்கு விடும் எல்லை 0.05 மில்லிமீற்றர் அளவுதான். கண்ணால் பார்த்தோ விரலால் தடவியோ அது பிடிபடாது. நேர்விளிம்பும் ஃபீலர் கேஜும் வேணும். திரும்பப் பூட்டும்போது போல்ற்றுகளை நடுவில் இருந்து வெளியே, சொன்ன ஒழுங்கில், சொன்ன இறுக்கத்தில், படிப்படியாக இறுக்க வேண்டும். அதற்கு ரோர்க் ரெஞ்ச் வேணும். ரைமிங் பெல்ற்றும் அப்படித்தான். பல எஞ்சின்களில் ஒரு பல் தவறினால் ஓட்டம் கெடும். பெல்ற் அறுந்தால் பிஸ்ரன் போய் வால்வில் அடிக்கும். இவை மூன்று கேள்வியிலும் தோற்கிற வேலைகள். இங்கே கூலி கொடுப்பது மட்டுமே மலிவு.

இந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவில்தான் நாங்கள் அதிகம் ஏமாறுகிறோம், அதிகம் கற்றுக்கொள்ளவும் முடியும். அது பழுதைக் கண்டுபிடிக்கும் இடம். போன வருடம் எங்கட ஆல்ட்டோ நின்ற இடத்தில் நடுங்கத் தொடங்கியது. ஒரு கராஜில் எஞ்சினைத் திறந்துகூடப் பார்க்காமல் ஓவர்ஹோல் செய்ய வேண்டும் என்று சொன்னார்கள். கேட்ட தொகை அப்பாவின் பல மாத உழைப்பு. அப்பா அடகு வைக்கும் கதை கதைக்கத் தொடங்கிவிட்டார். வேறொரு மெக்கானிக் அண்ணையிடம் கொண்டுபோனோம். அவர் முதலில் கம்பிரெஷன் பார்த்தார். மூன்று சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு. பழுது ஒரு பிளக்கிலும் அதற்குப் போகும் வயரிலும் இருந்தது. அரை மணித்தியாலம் பிடிக்கவில்லை.

இப்படியான சோதனைகளில் சிலதை நாங்களே செய்யலாம். கொஞ்சம் புதிய வாகனங்களில் ஃபோனோடு இணைக்கும் சின்ன ஸ்கானர் ஒன்றால் பழுதுக் குறியீட்டை வாசிக்க முடியும். பி0301 என்று வந்தால் முதலாம் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். ஏன் எரியவில்லை என்று அந்த இலக்கம் சொல்லாது. பிளக்கா, கொயிலா, இன்ஜெக்டரா, கம்பிரெஷனா என்று நாங்கள்தான் தேட வேண்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் கொயில் இருக்கிற எஞ்சினில், முதலாவதின் கொயிலையும் இரண்டாவதின் கொயிலையும் இடம் மாற்றிப் போட்டு ஓடிப் பாருங்கோ. குறியீடு பி0302 ஆக மாறினால் பழுது கொயிலோடு போயிருக்கிறது. பழைய இடத்திலேயே நின்றால் கொயிலில் பிழை இல்லை. ஒரு சதமும் செலவில்லை, பிழைத்தால் திருப்பிப் போடலாம். இவ்வளவும் தெரிந்துகொண்டு கராஜுக்குப் போகிறவரிடம் "நாலு கொயிலும் மாத்த வேணும்" என்று சொல்வது கஷ்டம்.

இந்த இடத்தில் பெரியவர்கள் ஒரு கதை சொல்லுவினம். "நாங்கள் மண்ணெண்ணெயில கார் ஓடின ஆக்கள்." உண்மைதான். 1990களின் பொருளாதாரத் தடைக்குள் பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்தில், கொஞ்சப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, மொரிஸ் மைனரையும் ஒஸ்ரினையும் ஓட வைத்தார்கள். அந்தக் கெட்டித்தனத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதை "எல்லாம் நாங்களே செய்யலாம்" என்பதற்குச் சாட்சியாகக் கொண்டுவருவது பிழை. மண்ணெண்ணெய் பெற்றோல் போல இலகுவாக ஆவியாகாது. எரியாத மிச்சம் வழிந்து எஞ்சின் ஒயிலில் கலந்து ஒயிலைத் தண்ணீராக்கும். கரி பிடிக்கும், எஞ்சின் தட்டும். அந்த எஞ்சின்கள் விலை கொடுத்துத்தான் ஓடின. அதற்குப் பின்னால் எத்தனையோ கராஜ் கைகளும் இருந்தன. வேறு வழி இல்லாததால் செய்ததை வழிகாட்டியாக்கத் தேவையில்லை. அதற்குள் இருந்த கவனத்தை, எஞ்சின் என்ன சொல்கிறது என்று காது கொடுத்துக் கேட்ட பழக்கத்தை எடுத்துக்கொண்டால் போதும்.

அந்தக் கவனம்தான் எங்கட தலைமுறையிடம், குறிப்பாக என்னைப் போல கலைப்பீடத்தில் இருக்கிற ஆட்களிடம் இல்லை. ரொபேர்ட் பேர்சிக் 1974 இல் வெளியிட்ட 'சென் அன்ட் த ஆர்ட் ஒஃப் மோட்டார்சைக்கிள் மெயின்ரனன்ஸ்' நூலில் ஒரு நண்பர் வருவார். அவருடைய பி.எம்.டபிள்யூ மோட்டார் சைக்கிளின் ஹான்டில் தளர்ந்துபோக, பியர் கானின் தகட்டை வெட்டி இடைவெளிக்குள் செருகலாம் என்று கதைசொல்லி சொல்லுவார். நண்பருக்கு அது அவமானமாகப் படும். எங்கட வீடுகளிலும் அந்த நண்பர் இருக்கிறார். "படிக்கிற பிள்ளைக்கு இது என்னத்துக்கு" என்று சொல்வது அவர்தான். உழைப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவோம், வீட்டு வாகனத்தின் ஒயில் குச்சி எங்கே இருக்கிறது என்று தெரியாது. கை வேலையைக் கீழாகப் பார்க்கும் பழக்கத்துக்கும் சாதிக்கும் எங்கட ஊரில் இருக்கிற உறவை இங்கே விரித்து எழுதத் தேவையில்லை.

அந்தப் பார்வைதான் பில் கட்டும் இடத்திலும் வெளியே வருகிறது. பார்ட்ஸுக்குப் பன்னிரண்டாயிரம் கேட்டால் பேசாமல் எண்ணிக் கொடுப்போம். கூலி இரண்டாயிரம் என்றால் "ஒரு நட்டைத் திருப்பினதுக்கோ?" என்று பேரம் பேசுவோம். அந்த நட்டுத்தான் என்று தெரிய அவருக்குப் பதினைந்து வருடம் எடுத்திருக்கும். ஓ.எல். முடித்துவிட்டுக் கராஜில் நிற்கும் பெடியனுக்கு ஈ.பி.எஃப். இருக்கோ, கையுறை இருக்கோ எண்டு நாங்கள் கேட்டதும் இல்லை. தேவையில்லாத ஓவர்ஹோலுக்கு ஒரு ரூபாவும் கொடுக்கக்கூடாது. சரியாகக் கண்டுபிடித்துச் சொன்னவருக்கு, வேலை அரை மணித்தியாலமாக இருந்தாலும், கேட்ட கூலியைக் கொடுக்க வேண்டும்.

பெண் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. கராஜுக்கு நான் போனால், கூட வந்த பதினாலு வயசுத் தம்பியோடுதான் கதைப்பினம். அவனுக்குக் கிரிக்கெற் தவிர ஒன்றும் தெரியாது. "கம்பிரெஷன் எவ்வளவு வந்தது?" என்று நான் கேட்ட நாளில் இருந்து என் பக்கம் திரும்பிக் கதைக்கிறார்கள். ஒரு கேள்வியால் உலகம் மாறாது, பில் மாறும்.

ஆகவே எல்லோரும் மெக்கானிக் ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உங்கட வாகனத்தின் கையேட்டை ஒருக்கா வாசியுங்கோ. மூன்று கேள்வியையும் கேட்டு, முற்றத்தில் செய்யக்கூடியதை முற்றத்தில் செய்யுங்கோ. மற்றதைக் கொடுக்கும்போது என்ன பழுது, எப்படிக் கண்டுபிடித்தனீங்கள் என்று கேளுங்கோ. மாற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கோ. அது சரியாக இருந்தால் கூலியில் பேரம் பேசாதேங்கோ.